நட்ட குளமும் நடாத குளமும்: ஒலன்டாஞ்சி ஈரநிலங்களின் மீத்தேன் கணக்கு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸ். ஒலன்டாஞ்சி என்ற சிறிய ஆறு ஊருக்குள் ஓடுகிறது. ஆற்றங்கரையில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வெள்ளச் சமவெளி நிலம் ஒன்று இருந்தது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் இரண்டு குளங்களை வெட்டினார்கள். இரண்டுமே அவரை விதை வடிவம், தலா ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். மண்ணும் ஆழமும் ஒன்றுபோல. 1994 மார்ச்சில் ஆற்றுத் தண்ணீரை இறைத்து இரண்டுக்கும் ஒரே அளவில் விடத் தொடங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் கூடினால் இறைப்பும் கூடும், குறைந்தால் குறையும். இயற்கையான ஆற்றோர ஈரநிலத்துக்கு வெள்ளம் எப்படி வந்து போகுமோ, அதேபோல.

அந்த ஆண்டு மே மாதம் ஒரு குளத்தில் மட்டும் 13 வகை நீர்த்தாவரங்களை, சுமார் 2,400 நாற்றுகளும் கிழங்குகளுமாக நட்டார்கள். மற்றக் குளத்தில் எதையும் நடவில்லை. காற்றும் ஆறும் பறவையும் கொண்டுவருவது வளரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தச் சோதனையை நடத்தியவர் வில்லியம் மிட்ச். ஈரநிலச் சூழலியலில் அவருக்குப் பெரிய பெயர், 2004-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் அவருடைய கேள்வி பசுமை இல்ல வாயுவைப் பற்றியது அல்ல. புதிதாக ஒரு ஈரநிலத்தை உண்டாக்கும்போது காசு செலவழித்துச் செடி நட வேண்டுமா, இல்லை தண்ணீரை ஒழுங்காகக் கொடுத்தால் இயற்கையே தன்னை வடிவமைத்துக்கொள்ளுமா? கேள்வி அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு குளங்களும் பல அளவீடுகளில் ஒன்றை ஒன்று நெருங்கியிருந்தன. நடவு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றே அப்போது தோன்றியது. கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது.

யாரும் எதிர்பாராத ஒன்று பின்னால் நடந்தது. பத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து, குளத்திலிருந்து வெளிவரும் வாயுவைப் பிடிக்கும் மூடிய பெட்டிகளைக் கவிழ்த்து அளந்தவர்களுக்கு, 1994-இல் ஒரு வசந்தகாலத்தில் எடுத்த நடவு முடிவின் தடம் காற்றில் தெரிந்தது. புவியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்களில் ஒன்றான மீத்தேனை, நடாத குளம் நட்ட குளத்தைவிட அதிகமாக வெளியேற்றிக்கொண்டிருந்தது.

செடியை யார் எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்

செயற்கை ஈரநிலத்துக்குச் செடி தேர்வது புதிய விஷயம் அல்ல. 1950-களில் ஜெர்மனியின் ப்ளோன் நகரில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த கேத்தே ஸைடல், ஏரிக் கோரையை வைத்து அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று காட்டினார். அவருடன் வேலை செய்த ரைன்ஹோல்ட் கிக்குத் அதை 'வேர்மண்டல முறை' என்று வளர்த்தெடுத்தார். 1974-இல் ஜெர்மனியின் ஓத்ஃப்ரேசனில் ஊர்க் கழிவுநீருக்காக நாணல் படுகை ஒன்று முழு அளவில் ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் செடிக்கு வைத்த தேர்வு ஒன்றே ஒன்று: வேர் வழியாக ஆக்சிஜனைக் கீழே இறக்குமா? இறக்கினால் அம்மோனியா நைட்ரேட்டாகும், அழுக்கு எரியும், தண்ணீர் தெளியும். குழாய் போன்ற தண்டுள்ள நாணலும் சம்பும் இந்தத் தேர்வில் தேறின. அதே குழாய் வழியாக எதிர்த்திசையில் என்ன வெளியேறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரின் தரத்தை அளந்தார்கள், காற்றை அளக்கவில்லை. குறை சொல்லவும் முடியாது. 1974-இல் மீத்தேன் யாருக்கும் தலைவலி இல்லை.

இரண்டு குளங்களில் என்ன வளர்ந்தது

நட்ட குளத்துக்கு மிட்ச் குழு தேர்ந்தெடுத்தவற்றில் மென்தண்டுக் கோரை, ஆற்றுக் கோரை, பர்ரீட் என்ற நீர்த்தாவரம், ஊதாப் பூவிடும் பிக்கரல்வீட், அமெரிக்கத் தாமரை, அல்லி எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் வேண்டுமென்றே சேர்க்காமல் விடப்பட்டிருந்தது. சம்பு. சில ஊர்களில் யானைக்கோரை என்பார்கள். ஏரிக்கரையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பழுப்புநிற உருளைக் கதிர் விடுமே, அதேதான். தாவரவியலில் டைஃபா.

சம்புக்கு அழைப்பு தேவையில்லை. ஒரு கதிரில் லட்சத்துக்கும் மேலான விதைகள், ஒவ்வொன்றுக்கும் பஞ்சு இறகு, காற்று அடித்தால் போதும். நடாத குளத்தின் வெறும் சேற்றில் அது வந்து விழுந்தது, முளைத்தது, கிழங்குத் தண்டால் பக்கவாட்டில் பரவியது. சில ஆண்டுகளில் அந்தக் குளத்தின் பெரும்பகுதி சம்புக் காடானது. நட்ட குளத்திலும் பிறகு சம்பு நுழைந்தது. ஆனால் அங்கே இடம் ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. கோரையும் பர்ரீடும் வேர்விட்டு உட்கார்ந்த இடத்தில் சம்பு அவ்வளவு சுலபமாகக் கொடி நாட்ட முடியவில்லை.

பதினைந்து ஆண்டுகளின் கணக்கை மிட்ச் குழு 2012-இல் வெளியிட்டது. தொடக்கத்தில் நட்டவை 13. பதினைந்தாம் ஆண்டில் மொத்தம் 116 வகை. பெரும்பாலான கூடுதல் முதல் ஐந்தாண்டுகளிலேயே வந்துவிட்டது. நட்ட குளம் கடைசிவரை தாவரப் பன்மையில் முன்னால் நின்றது. நடாத குளம் விளைச்சலில், அதாவது ஆண்டுக்கு உற்பத்தியாகும் தாவரப் பொருளில், முன்னால் நின்றது. மண்ணில் கரிமக் கார்பன் பத்தாண்டில் இரட்டித்து, பதினைந்தில் கிட்டத்தட்ட மும்மடங்கானது. ஊட்டச்சத்தை நீக்குவதில் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. மஸ்க்ராட் என்று ஒரு பிராணி உண்டு, பெருச்சாளி அளவில் நீரில் வாழும் எலியினம். சம்பு என்றால் அதற்கு விருந்து. தின்னும், வெட்டியடுக்கி வீடும் கட்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவை பெருகி இரண்டு குளங்களையும் மொட்டையடித்தன. எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதப்படாத தாவரத் தேர்வாளர் அது.

ஒரு செடி மூன்று வேலை

நடாத குளத்தில் ஏன் மீத்தேன் கூடுதல் என்று புரியவேண்டுமானால் சேற்றுக்குள் இறங்க வேண்டும். மீத்தேன் கணக்கில் செடிக்கு மூன்று வேலைகள் உண்டு. ஊட்டுகிறது, எரிக்கிறது, புகைபோக்கியாக நிற்கிறது.

ஊட்டுவது எளிதில் விளங்கும். தண்ணீர் நின்ற மண்ணில் ஆக்சிஜன் மேற்புறத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அசெட்டேட் போன்ற எளிய கார்பனைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அந்தக் கார்பன் வேர் கசிவிலிருந்தும் மக்கிய இலைகளிலிருந்தும் வருகிறது. அதிகம் விளையும் செடி அதிகம் ஊட்டும். 1993-இல் கேரி வைட்டிங்கும் ஜெஃப் சாண்டனும், கனடாவின் குளிர்ப் பிரதேசத்திலிருந்து ஃப்ளோரிடாவரை பல ஈரநிலங்களை ஒப்பிட்டு, அவை நிகரமாகப் பிடிக்கும் கார்பனில் ஏறத்தாழ 3 சதவீதம் மீத்தேனாகத் திரும்பிப் போகிறது என்று காட்டினார்கள்.

இந்த 3 சதவீதத்தைப் பார்த்து அற்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. காகிதத்தில் ஒரு கணக்குப் போடுவோம். 100 கிராம் கார்பன் பிடித்தால் 3 கிராம் கார்பன் மீத்தேனாகப் போகிறது. எடைக்கு மாற்றினால் 4 கிராம் மீத்தேன். நூறாண்டு அளவுகோலில் ஒரு கிராம் மீத்தேன் 27 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆக 108 கிராம். அதை ஈடுகட்ட ஏறத்தாழ 30 கிராம் கார்பனையாவது சேற்றில் நிரந்தரமாகப் புதைக்க வேண்டும். பிடித்த நூறில் முப்பது! 

எரிப்பது அடுத்தது. வேர்நுனியிலிருந்து கசியும் ஆக்சிஜனை வைத்து வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம், மேலே ஏறிவரும் மீத்தேனை வழியிலேயே தின்றுவிடும். வேர் எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு அடர்த்தி என்பதில்தான் இது அடங்கியிருக்கிறது. ஜப்பானில் இனமோரி குழு சிறு தொட்டிகளில் நாணலையும், கிழக்காசியாவில் தண்டுக்காகப் பயிராகும் நீர்க்காட்டரிசிச் செடியையும் வைத்து ஒப்பிட்டது. நீர்க்காட்டரிசியின் வேர் மேல்மண்ணிலேயே அடர்ந்து நின்றுவிடுகிறது. நாணல் வேர் கீழே இறங்கி, ஆக்சிஜனையும் கூடவே கொண்டுபோகிறது. எதிர்பார்த்தபடியே நாணல் தொட்டியில் மீத்தேன் குறைவு.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. சம்பு இலையைக் குறுக்கே ஒடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே தேன்கூடுபோல அறை அறையாக இருக்கும். அது வெறும் மிதவைப் பஞ்சு அல்ல, காற்றுக் குழாய். காலையில் வெயில் பட்டதும் இளம் இலைகளுக்குள் ஈரப்பத வேறுபாட்டாலும் வெப்பத்தாலும் அழுத்தம் கூடுகிறது. காற்று இலைக்குள் இழுக்கப்பட்டு, கிழங்குத் தண்டுவரை இறங்கி, முதிர்ந்த இலைகள் வழியாக வெளியே தள்ளப்படுகிறது. போகிறபோக்கில் சேற்றில் இருக்கும் மீத்தேனையும் அள்ளிக்கொண்டு போகும். வழியில் எரிக்கக் காத்திருக்கும் நுண்ணுயிர்களின் கையில் அது சிக்காது. இரவெல்லாம் தேங்கிய வாயு காலையில் மொத்தமாகக் கிளம்புவதால், சம்புக் காட்டில் மீத்தேன் உச்சம் விடிந்த சில மணி நேரத்தில் வருகிறது.

எல்லாச் செடியும் இப்படி ஊதாது. டென்மார்க்கின் ஹான்ஸ் பிரிக்ஸும் கூட்டாளிகளும் 1992-இல் பல நீர்த்தாவரங்களை அளந்து பார்த்தார்கள். சம்பிலும் நாணலிலும் இந்த அழுத்தக் காற்றோட்டம் பலமாக இருந்தது. கோரை இனங்கள் பலவற்றில் மிகக் குறைவு. அவற்றில் வாயு மெல்லப் பரவித்தான் மேலே வரவேண்டும்.

இப்போது கொலம்பஸுக்குத் திரும்பினால் படம் தெளிவாகிறது. நடாத குளத்தை எடுத்துக்கொண்டது அதிகம் விளையும், அதிகம் ஊதும் செடி. நட்ட குளத்தில் பாதி இடத்தைக் கோரையும் மற்றவையும் காத்துக்கொண்டிருந்தன. அமண்டா நாலிக்கும் மிட்சும் 2010-இல் வெளியிட்ட அளவீட்டில் நடாத குளத்தின் மீத்தேன் கூடுதலாக இருந்ததற்குச் சொன்ன விளக்கமும் இதை ஒட்டியதுதான். அங்கே பல ஆண்டுகளாக விளைச்சல் அதிகம். ஆகவே மண்ணில் சேர்ந்த கார்பன் அதிகம். ஆகவே நுண்ணுயிருக்குத் தீனி அதிகம். 'பல ஆண்டுகளாக' என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டி கவிழ்த்த அன்றைக்கு நின்ற செடி மட்டும் அல்ல, முன்பு நின்று, செத்து, சேறாகிப் போன செடிகளும் அந்த வாயுவில் பேசுகின்றன. மஸ்க்ராட் மொட்டையடித்த பிறகும் வித்தியாசம் அழியாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் என் வாசிப்பு இது: 1994-இல் நட்ட 13 வகைகள் எதைச் செய்தன என்பதைவிட, எதை உள்ளே விடாமல் தடுத்தன என்பதுதான் பெரிய பங்கு வகித்தது.

சரி, சம்பு வில்லனா?

அவசரப்படவேண்டாம். அதிகம் விளைந்த நடாத குளம் சேற்றில் புதைத்த கார்பனும் அதிகம். 2012 அறிக்கை இந்தக் குளங்களின் கார்பன் சேமிப்பை ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 1,800 முதல் 2,700 கிலோ என்கிறது. அடுத்த ஆண்டு பிளாங்கா பெர்னாலும் மிட்சும் தந்த சராசரி, சதுர மீட்டருக்கு 242 கிராம். அதே வட்டாரத்தில் ஒப்பிடத்தக்க இயற்கை ஈரநிலம் 140 கிராம்தான் சேர்த்தது. செயற்கைக் குளம் இயற்கையை முந்தியது, அதிலும் விளைச்சல் மிக்க குளம் முன்னால்.

ஆக ஒரே செடி ஒரு கையால் போடுகிறது, மறுகையால் எடுக்கிறது. எது பெரிது?

242 கிராம் கார்பன் என்பது 887 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேனை 27 மடங்கு என்று வைத்தால், சதுர மீட்டருக்கு ஆண்டில் 33 கிராம் மீத்தேன்வரை வெளியேறினாலும் கணக்கு சமம். ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம். அதைத் தாண்டினால் குளம் புவியைச் சூடாக்கும் பக்கம் சாய்கிறது.

ஆனால் 27 என்பது ஒரு தடவை விட்ட மீத்தேன் நூறாண்டில் என்ன செய்யும் என்ற கணக்கு. குளம் ஒரு தடவை விட்டு நிறுத்துவதில்லை, ஆண்டுதோறும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கென்று 2015-இல் ஸ்காட் நியூபாவரும் பேட்ரிக் மெகோனிகலும் வேறு அளவுகோல் தந்தார்கள். அதில் நூறாண்டுக்கு 45. இதை வைத்தால் சமநிலை 33-லிருந்து 20 கிராமுக்கு இறங்குகிறது. இருபதாண்டு அளவுகோலை எடுத்தால், மீத்தேனின் பலம் சுமார் 80 மடங்கு. சமநிலை 11 கிராம். ஒரே குளம், ஒரே சேறு, ஒரே செடி. அளவுகோலை மாற்றினால் நல்லவன் கெட்டவன் ஆகிறான்.

இதில் ஒரு நல்ல சண்டையும் நடந்தது. 2013-இல் மிட்ச் குழு 21 ஈரநிலங்களின் தரவை வைத்து, முந்நூறு ஆண்டுக்குள் மீத்தேனின் பாதிப்பு கார்பன் சேமிப்புக்கு முன்னால் பொருட்டில்லாமல் போய்விடும் என்று எழுதியது. மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும், புதைந்த கார்பனோ கிடக்கும் என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டே ஸ்காட் பிரிட்ஜம் தலைமையில் ஒரு குழுவும், தனியாக நியூபாவரும், அந்த மாதிரிக் கணக்கில் பிழைகள் உண்டு என்று மறுத்து எழுதினார்கள். கதிர்வீச்சுச் சமநிலையைக் கணக்கிட்ட விதமும், கார்பன் சேமிப்பை மதிப்பிட்ட விதமும் கேள்விக்குள்ளாயின. விமர்சகர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. முந்நூறு ஆண்டு என்பது ஓர் ஏரிக்கு இயல்பான ஆயுள். கழிவுநீர்ப் படுகைக்கு இருபது முப்பது ஆண்டு ஓடினாலே பெரிது. அதற்குள் படுகையில் நிரப்பிய சரளைக்கல் அழுக்கால் அடைத்துக்கொள்ளும், இல்லையேல் யாராவது அதன் மேல் கட்டடம் கட்டிவிடுவார்கள். இடித்துத் தோண்டினால் புதைத்த கார்பனும் மேலே வந்துவிடும்.

டென்மார்க்கிலும் 2001-இல் பிரிக்ஸ் குழு நாணல் ஈரநிலம் வெப்பம் கூட்டுமா குறைக்குமா என்று கேட்டு இதே இடத்தில் வந்து நின்றது. சில பதிற்றாண்டுகளுக்குள் பார்த்தால் கூட்டும், நூறாண்டைத் தாண்டிப் பார்த்தால் குறைக்கும்.

தண்ணீர் குறுக்கே வருகிறது

செடியை மட்டும் தனியாக வைத்துப் பேசுவது கொஞ்சம் ஏமாற்று வேலை. ஒலன்டாஞ்சியில் ஆன் ஆல்டரும் மிட்சும் அளந்தபோது, எப்போதும் நீர் நிற்கும் பகுதியைவிட, நனைந்து காய்ந்து நனையும் ஓரப் பகுதியில் மீத்தேன் குறைவாக இருந்தது. காய்ந்த நாட்களில் மண்ணுக்குள் ஆக்சிஜன் நுழைந்து மீத்தேன் நுண்ணுயிரின் வேலையைக் கெடுத்துவிடுகிறது.

அப்படியானால் ஓரத்தை அகலமாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நைட்ரஸ் ஆக்சைடு காத்திருக்கிறது. நூறாண்டு அளவில் கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு பலமுள்ள வாயு. ஒலன்டாஞ்சி ஆறு மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்வெளிகளைக் கடந்து வருவதால் நைட்ரேட் தாராளம். நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கும் வழியில் நைட்ரஸ் ஆக்சைடு ஓர் இடைநிலைப் பொருள். ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத இடத்தில் வேலை முழுதாக முடிந்து நைட்ரஜன் வரும். அரைகுறையாக ஆக்சிஜன் வந்துபோகும் இடத்தில் பாதியில் நின்றுவிடும். மரியா எர்னாண்டஸ் அதே குளங்களில் அளந்தபோது, நனைந்து காயும் மேட்டுப் பகுதிகளில்தான் இந்த வாயு கூடுதல். மீத்தேனுக்கு நல்லது செய்தால் நைட்ரஸ் ஆக்சைடுக்குப் பொறுக்காது. மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில் விட்ட கதை.

செடித் தேர்வும் இதில் மாட்டிக்கொள்கிறது. ஓரத்தின் ஆழமில்லாத நீரில் கோரை வகைகளும், கோரைபோலத் தோன்றும் ஜுங்கஸ் என்ற செடியும் நிற்கும், ஆழம் கூடக்கூட அவை பின்வாங்கும். சம்பு முழங்கால் தண்ணீரிலும் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். நீர்மட்டத்தை நிர்ணயித்தவுடன் பாதித் தாவரத் தேர்வு முடிந்துவிடுகிறது. நடவுப் பட்டியல் அதற்குப் பிறகுதான். திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எவ்வளவு தூரம் நம்பலாம்

ஒலன்டாஞ்சியின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே. இருப்பது இரண்டே குளம். ஒன்று நட்டது, ஒன்று நடாதது. நடவால் வந்த வித்தியாசமா, அல்லது அந்தக் குளத்துக்கே உரிய ஏதோ ஒன்றா என்று புள்ளியியல்படி பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு குளத்தில் இருபது பெட்டி வைத்தாலும் அது ஒரு குளம்தான். முழு ஹெக்டேர் அளவில், நிஜ ஆற்றுத் தண்ணீரில், பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்த சோதனை என்பதால் அந்தப் பலவீனத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். பத்துத் தொட்டியில் பத்துப் பிரதி வைத்து ஒரு பருவத்தில் முடிக்கும் சோதனை, மண் கிழவனாகும்வரை காத்திருக்காது.

அளக்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. ஆள் உயரச் சம்பு பெட்டிக்குள் அடங்காது. வளைத்தோ வெட்டியோ உள்ளே வைத்தால் காற்றோட்டம் மாறிவிடும். பெட்டியை மூடினால் உள்ளே வெப்பமும் ஈரமும் ஏறி, இலை ஊதும் வேகமே மாறும். பகல் பதினொன்றுக்கு வந்து ஒரு தடவை அளந்துவிட்டு அதை நாள் முழுவதற்கும் பெருக்கினால், காலை உச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்த எண் ஆண்டுக் கணக்கையே ஊதிப்பெருக்கிவிடும். இரண்டு தாவரங்களை ஒப்பிடும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அளந்த நேரத்தைத்தான்.

ஆனாலும் சம்பு பற்றிய முடிவு தனியாக நிற்கவில்லை. அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் கலப்பினச் சம்பு உள்நாட்டுக் கோரை, புல்வெளிகளை விழுங்கி வருகிறது. அங்கே பெத் லாரன்ஸ் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்விலும், சம்பு புகுந்த இடத்தில் மண்ணிலிருந்து மீத்தேன் கூடியது.

கழிவுநீர்ப் படுகைக்கு இதை எடுத்துப்போகலாமா

பாதி எடுத்துப்போகலாம். ஒலன்டாஞ்சி குளங்கள் ஆற்றுத் தண்ணீர் குடிப்பவை. கழிவுநீரில் கார்பன் வெளியிலிருந்தே கொட்டுகிறது. அங்கே மீத்தேனுக்குத் தீனி போடச் செடி தேவையே இல்லை. அதனால் செடியின் முதல் வேலை முக்கியத்துவம் இழக்கிறது. எரிப்பதும் ஊதுவதும்தான் மிஞ்சும். சரளைக்கல் படுகையில் தண்ணீர் மேற்பரப்புக்குக் கீழே ஓடும்போது வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பது இன்னும் கனமாகிறது. வேர் எட்டாத அடிப்பகுதி, செடி இருந்தும் இல்லாத மாதிரி.

நம் பக்கத்துச் சிறு சுத்திகரிப்புப் படுகைகளில் கல்வாழை வைப்பது வழக்கமாகிவிட்டது. பூ அழகு, வேகமாக வளரும், நாற்றும் சுலபமாகக் கிடைக்கும். அதன் கிழங்கும் வேரும் பெரும்பாலும் மேலடுக்கில் கூடுகட்டும். படுகை இரண்டடிக்கு மேல் ஆழமென்றால், கல்வாழைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை. ஜப்பான் தொட்டிகளில் நாணல் ஜெயித்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்புறம் அறுவடை. செடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதை எப்போது, எந்த உயரத்தில் வெட்டுவது என்பதைத் தோட்டக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய பொருளைக் கரையேற்றினால் அடுத்த ஆண்டின் சேற்றுத்தீனி குறையும், அது நல்லது. நீர்மட்டத்துக்கு மேலே வெட்டினால், மிஞ்சி நிற்கும் அடிக்கட்டை திறந்த புகைபோக்கி. நாணலில் செத்த தண்டுகளே காற்றுப்போக்கியாக வேலை செய்வதுண்டு, அவற்றின் மேல் காற்று வீசும்போது கீழிருந்து வாயு உறிஞ்சப்படும். தண்ணீருக்குக் கீழே வெட்டினால் குழாயில் நீர் புகுந்து அடைக்கும், வாயு நிற்கும். ஆனால் கிழங்குக்குப் போகும் மூச்சும் கூடவே நிற்கும். சம்பை ஒழிக்க விரும்பும் ஊர்களில் இதையே ஆயுதமாகப் பயன்படுத்துகிறார்கள். நீருக்கடியில் வெட்டிவிட்டு, மட்டத்தைச் சில வாரம் உயர்த்தியே வைத்திருந்தால் கிழங்கு மூழ்கிச் சாகும். படுகையில் செடி பிழைத்திருக்க வேண்டும் என்பவர்கள் நீர்மட்டத்துக்கு மேலேதான் வெட்ட வேண்டியிருக்கிறது, புகைபோக்கி திறந்தே இருக்கும் என்று தெரிந்தும்.